அனுப்பப்பட்டவரும் அனுப்பியவரும்

திருவண்ணாமலை மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டிருக்கிறது. பல்லவர் காலத்துக் கல் ஒன்றைப் படிப்பவர் முதலில் காண்பது அரசனின் பெயரையும் அவனது ஆட்சியாண்டையுமே. அதன் பின்னரே, ஆநிரைப் பூசலில் பட்டவன் இன்னான், அவன் இன்னாருடைய சேவகன் என்ற செய்தி வரும். ஆயினும் அக்கல் அரசனுக்காக நாட்டப்பட்டதன்று. வில்லேந்தி நிற்கும் உருவம் பட்டு வீழ்ந்த வீரனுடையது. அரசன் அங்கே ஆண்டைக் குறிப்பதற்காக வந்தவன், அவ்வளவே. அந்தப் பூசல் அறவழிப்பட்டதா, ஆளுவோரின் பேராசையால் நேர்ந்ததா என்பதைக் கல் கூறுவதில்லை. ஆனால் இறந்தவனுக்குச் செய்த சிறப்பை ஊரார் அரசனுக்குச் செய்த வாழ்த்தாக மாற்றிவிடவில்லை.

எழுத்தறிவு பரவாத அக்காலத்து மக்கள் தெளிவாகக் கண்ட இந்த வேறுபாடு, நாள்தோறும் நாளிதழ் படிக்கும் நமக்கு மங்கிவருவது ஏன்? இன்று நாட்டில் எங்கேனும் படை நகர்ந்தால், அதனை ஏவியவரை நோக்கி ஒரு கேள்வி எழுப்புவதற்குள் "எல்லையில் நிற்கும் வீரனை இழிவுபடுத்துகிறாயா?" என்ற அதட்டல் வந்துவிடுகிறது. மறுபுறம், ஏவியவர் செய்தது பிழை என்று கண்டவர்களுள் சிலர், ஏவப்பட்டவனையும் அப்பிழையின் பங்காளியாகவே நடத்துகின்றனர். இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் எதிரிகள் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். நம் பார்வையில் இருவரும் செய்வது ஒரே தவறு. வீரனையும் தலைவனையும் ஒரே ஆளாக்குகின்றனர்.

இது கீழ்பென்னாத்தூர் போன்ற ஊருக்குத் தொலைவான செய்தியன்று. பழைய வடஆற்காடு மாவட்டம் நெடுங்காலமாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய மாவட்டம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு 'இராணுவப்பேட்டை' என்றே பெயர் வழங்குகிறது; வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்த ஊர் அது. நம் பகுதியிலும், ஏரி பெருகினால் நெல், பொய்த்தால் மானாவாரி நிலக்கடலை என்று காலம் தள்ளும் குடும்பங்களில் பட்டாளத்துச் சம்பளமும், பின்னர் வரும் ஓய்வூதியமும் எத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்தன, எத்தனை பெண்களுக்கு மணமுடித்தன என்பதை நாம் அறிவோம். ஆள்சேர்ப்பு முகாமுக்கு விடியற்காலையில் ஓடும் இளைஞனை எந்தத் தலைவனின் கொள்கையும் அங்கே அழைத்துச் செல்வதில்லை. வீட்டுக் கடனும் தங்கையின் திருமணமும், கூடவே சிறிது வீர ஆசையும்தான் அழைத்துச் செல்கின்றன. அவனை ஓர் அரசின் கொள்கைக்குச் சின்னமாக்குவது, புகழ்வதற்காகச் செய்தாலும் இகழ்வதற்காகச் செய்தாலும், பொய்யே.

தமிழர் வரலாற்றில் இக்கேள்வி நம் முகத்துக்கு நேரே வந்து நின்ற காலம் ஒன்று உண்டு. 1987 சூலை 29 அன்று கொழும்பில் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். மறுநாளிலிருந்தே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கிற்று. ஈழத்து மக்கள் மாலையோடு வரவேற்றனர். அக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியது. காக்கச் சென்றவர்களையே எதிர்த்து நிற்கும்படி நேர்ந்ததற்கு யார் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுவர். இரு பக்கமும் பிழை இருந்தது என்பதே நம் கருத்து. ஆயினும், அண்டை நாட்டுக்குப் படை அனுப்பும் முடிவு நாடாளுமன்றத்தின் முன் வாக்கெடுப்புக்கு வைக்கப்படவில்லை. உடன்படிக்கையின் உறுப்புகளில் பலவற்றைச் செயற்படுத்தவேண்டியவர்களான போராளிகள் அதில் கையொப்பமிடவும் இல்லை. இத்தகைய அடித்தளத்தின்மேல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை நிறுத்தியது அரசியல் தலைமையே. அப்பொறுப்பை வேறு எவர் தோளிலும் ஏற்ற இயலாது.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? அக்டோபர் 12 அதிகாலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் உலங்கூர்தியிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பது பேர். எதிராளிகள் முன்னரே அறிந்து காத்திருந்தனர். முப்பதில் இருபத்தொன்பது பேர் மடிந்தனர். நவம்பர் 25 அன்று மகார் படைப்பிரிவின் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன், மார்பில் குண்டடிபட்ட பின்னரும் சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்துப் போரிட்டு உயிர்துறந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. இவ்வாறு 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 3,000-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 1989-இல் கொழும்பின் புதிய அதிபர் பிரேமதாசா அப்படையை வெளியேறச் சொன்னதோடு நில்லாமல், அப்படையை எதிர்த்த புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். அழைத்தவர் நாட்டிலேயே அயலாராகவும், காக்கச் சென்ற மக்களிடையே பகைவராகவும் ஆகி நின்ற படை அது. இதைவிடக் கொடிய நிலை ஒரு வீரனுக்கு வேறென்ன வரக்கூடும்?

1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கத் தம்மால் இயலாது என்பது அவர் நிலைப்பாடு. அன்று தமிழகத்தில் பலரும், நம் பங்குகளிலும் பலரும், அதனை மெச்சினர். மெச்சியதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1987 அக்டோபர் 21-இல், தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் படையினர் புகுந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். துப்பாக்கிச் சண்டையினிடையே நேர்ந்தது என்று இராணுவத் தரப்பு கூறியது; உயிர்தப்பிய ஊழியர்கள் கூறியது வேறு. 1989 ஆகஸ்டுத் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். இவற்றை மறைத்துவிட்டு வீரரைப் போற்றுவோம் என்று கூறும் எவரோடும் நமக்கு உடன்பாடில்லை.

எனினும் அந்தப் புறக்கணிப்பு தவறு என்றே நாம் கூறுகின்றோம். கப்பலிலிருந்து இறங்கியவர்களுள் அவர்களை அனுப்பியவர் ஒருவரும் இல்லை. அனுப்பிய தலைவர் நான்கு மாதங்களுக்கு முன்னரே தேர்தலில் ஆட்சியை இழந்து தில்லியில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தார். இறங்கியவர்கள் சிப்பாய்கள், நாயக்குகள், அவில்தார்கள். அவர்களுள் தமிழ் பேசுவோரும் இருந்தனர். மருத்துவமனையில் சுட்டவன் ஒருவேளை அக்கூட்டத்தில் இருந்திருக்கலாம். தன் உணவைச் சிறுவருடன் பகிர்ந்துண்டவனும், கண்ணிவெடியில் காலிழந்தவனும் இருந்திருக்கலாம். முதுகைக் காட்டுவதால் இவர்களை வேறு பிரித்தறிய முடியுமா? குற்றவாளியையும் குற்றமற்றவனையும் ஒன்றாக எடைபோட்ட அந்தச் செயல் நீதியாகவும் அமையவில்லை, இரக்கமாகவும் அமையவில்லை. நீதி வேண்டுமெனில் விசாரணை கேட்டிருக்கவேண்டும். மருத்துவமனைப் படுகொலைக்காக இந்தியாவில் எவரும் தண்டிக்கப்படவில்லை. துறைமுகத்துக்குப் போகாதிருந்ததைச் சாதனையாக்கிப் பேசியவர்கள், அந்த விசாரணைக்காக எத்தனை மேடை ஏறினர்?

இங்கே ஓர் எதிர்வாதத்தைக் கேட்கின்றோம். "கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன் என்றால் குற்றம் நீங்கிவிடுமா? அவன் மறுத்திருக்கலாமே" என்பர். இதனைத் திருச்சபை நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. நேர்மையான மனிதன் ஒருவன் இறைப்பற்றில்லாத அரசனின் கீழும் போர்புரியலாம், கட்டளை கடவுளின் சட்டத்துக்கு மாறானது என்று உறுதியாகத் தெரியாத வரையில் பழி அரசனையே சேரும் என்று தூய அகுஸ்தினார் எழுதினார். வீரனையும் ஏவியவனையும் பிரித்துக் காணும் நம் பார்வைக்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அதே அகுஸ்தினார், யூலியன் பேரரசனின் கிறிஸ்தவப் படைவீரர்கள் அணிவகுக்கச் சொன்னபோது அணிவகுத்தனர், சிலைகளுக்குத் தூபம் காட்டச் சொன்னபோது கடவுளையே முன்வைத்தனர் என்பதையும் எடுத்துக்காட்டுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு இக்கோட்டை இன்னும் தெளிவாக வரைந்தது. நாட்டுப் பணியாகப் படையில் சேர்ந்தோரை மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியம் செய்வோர் என்று அது மதிக்கிறது. அதே எண்ணிலேயே, மாந்தரின் பொதுநெறிக்கு முரணான கட்டளைகள் குற்றமானவை என்றும், கண்மூடித்தனமான கீழ்ப்படிதல் அவற்றைச் செய்தவனைக் காப்பாற்றாது என்றும் கூறுகிறது. எனவே கீழ்ப்படிந்த ஒவ்வொருவனும் குற்றவாளியல்லன். கீழ்ப்படிந்தேன் என்ற சொல்லே எல்லாவற்றையும் கழுவிவிடுவதும் இல்லை. அன்னார் ஒவ்வொருவரும் செய்ததை வைத்தே தீர்ப்பிடப்பட வேண்டியவர்கள், மொத்தமாக அன்று.

மறுத்த படைவீரர் நம் கதையிலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 54-ஆம் டிவிசனின் தலைவராயிருந்த மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் 2007-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருக்கிறார். 1987 செப்டம்பரில் பேச்சுவார்த்தைக்கு வரவிருந்த பிரபாகரனைக் கைதுசெய்யும்படியோ சுட்டுவிடும்படியோ கொழும்பிலிருந்த இந்தியத் தூதரிடமிருந்து தமக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது என்றும், வெள்ளைக்கொடியின் கீழ்ப் பேச வருபவரை முதுகில் சுடுவது படையின் மரபன்று என்று தம் மேலதிகாரியின் ஒப்புதலோடு தாம் மறுத்துவிட்டதாகவும் அவர் எழுதுகிறார். இது அவர் பக்கத்துக் கூற்றே. ஆயினும் வெளுத்த சட்டை அணிந்தோரைவிடச் சீருடை அணிந்தவர் அறத்தின் எல்லையை நுட்பமாக அறிந்திருக்கக்கூடும் என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது. படைத்தொழிலைக் கொலைத்தொழில் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் நம் பக்திமான்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். திருமுழுக்கு யோவானிடம் வந்த படைவீரரிடம் அவர் படையை விட்டு விலகச் சொல்லவில்லை. பிறரை மிரட்டிப் பணம் பறிக்காதிருக்கவும் தம் சம்பளத்தோடு நிறைவடையவுமே சொன்னார். ஆனால் அதே யோவான் ஏரோது அரசனிடம் பேசியது வேறு தொனியில். சிப்பாய்க்கு அறிவுரையும் அரசனுக்குக் கண்டனமும் ஒரே வாயிலிருந்து வந்தன. தலையை இழந்தது எதற்காக என்பதும் நாம் அறிந்ததே.

இனி, முதலில் சொன்ன அதட்டலுக்கு வருவோம். வீரனை மதிப்பவன் தலைவனைக் கேள்வி கேட்கக்கூடாது என்பவர்களுக்கு இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 33-ஆம் உறுப்பை நினைவூட்ட விரும்புகின்றோம். குடிமக்களுக்குரிய அடிப்படை உரிமைகளைப் படையினரைப் பொறுத்தவரை குறைக்கவும் நீக்கவும் நாடாளுமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. அதன்படியே படைவீரன் அரசியல் கூட்டத்தில் பேச இயலாது, சங்கம் அமைக்க இயலாது, நாளிதழுக்கு எழுத இயலாது. இது தேவையானதே, பேசும் படை குடியாட்சிக்கு ஆபத்து என்பதை அண்டை நாடுகள் நமக்குக் காட்டியுள்ளன. ஆனால் இதன் பொருள் என்ன? "என்னை எங்கே அனுப்புகிறீர்கள், எதற்காக அனுப்புகிறீர்கள்?" என்று கேட்கும் உரிமையை அவன் கழற்றி நம்மிடம் ஒப்படைத்துவிட்டுச் சீருடை அணிகிறான். அவன் விட்டுச்சென்ற அக்கேள்வியை அவன் சார்பில் கேட்கவேண்டியவர் யார்? நாமே. அவன்மேலுள்ள மரியாதையைக் காரணங்காட்டி நாம் வாய்மூடினால், அவன் நம்பி ஒப்படைத்த அடகுப்பொருளை விழுங்கிவிட்டவர்கள் ஆவோம். 1987-இல் தமிழகத்தின் கட்சிகளும் நாளிதழ்களும் நம் மறைமாவட்ட ஏடுகளும் முதல் வாரத்திலேயே, "போராளிகள் ஒப்புக்கொள்ளாத உடன்படிக்கையை நிறைவேற்ற எத்தனை பேரை, எத்தனை காலம் நிறுத்தப்போகிறீர்கள்?" என்று இடைவிடாது கேட்டிருந்தால், அது சிப்பாய்க்கு எதிரான குரலாகவா இருந்திருக்கும்?

அமெரிக்கர் இதனை நம்மைவிடப் பெரும் விலைகொடுத்துக் கற்றனர். வியட்நாமில் அவர்களது வீரர்கள் 58,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வியட்நாம் மக்களோ பல இலட்சம். திரும்பிவந்த சிப்பாய்கள் பலர் வெறுப்பையே எதிர்கொண்டனர். அப்போரை நடத்திய பாதுகாப்புச் செயலர் இராபர்ட் மெக்நமாரா 1995-இல், தாங்கள் செய்தது தவறு, பெருந்தவறு என்று நூலெழுதினார். அதற்குள் உலக வங்கியின் தலைவர் பதவியையும் வகித்து ஓய்வுபெற்றிருந்தார். 2003-இல் ஈராக் போர் வந்தபோது அமெரிக்கர் பழைய தவற்றைத் திருத்திக்கொண்டு வீரரைப் போற்றினர், நல்லதே. ஆனால் அந்தப் போற்றுதலையே போரை எதிர்த்தவர் வாயில் திணிக்கும் துணியாகவும் சிலர் பயன்படுத்தினர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அப்போரை வெளிப்படையாக எதிர்த்தார். காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் கிடைக்கவே இல்லை. திருத்தந்தை படைவீரரை அவமதித்தார் என்று இன்று எவரேனும் சொல்வாரா?

தலைவர்களின் வீரப்பற்று எத்தகையது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 2015-இல் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டுத் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்த முன்னாள் படைவீரர்களை, சுதந்திர நாளுக்கு முந்தைய நாளில் காவலர்கள் பிடித்திழுத்து அகற்ற முற்பட்டனர். நெஞ்சில் பதக்கம் அணிந்த முதியவர்கள் அவர்கள். 2019 தேர்தலின்போது படைவீரரின் படங்களை விளம்பரத்தில் பயன்படுத்தவேண்டாம் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. 2022 சூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கே சேர்க்கப்படுகின்றனர். காலாண்டுப் பகுதியினர், அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை மட்டுமே நிலைத்த பணிக்குத் தேர்வுபெறுவர். மற்றவர்க்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. இத்திட்டத்துக்கு ஆதரவாகவும் வாதங்கள் உண்டு. இளமையான படை வேண்டும் என்பது பொருளற்ற வாதமன்று. ஆனால் இதனைக் கேள்வி கேட்பவன் படைக்கு எதிரி என்பது எவ்வளவு நகைப்புக்குரியது! கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துத் தந்தையொருவர், இருபத்திரண்டு வயதில் திரும்பிவரும் தம் மகன் அடுத்து என்ன செய்வான் என்று கேட்டால், அவர் நாட்டுப்பற்றில்லாதவரா?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். எதிர்ப்பதும் வெறுப்பதும் ஒன்றல்ல. அமைதிப்படையை அனுப்பிய தலைவர்மீது கொண்ட சினம் 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டாக வெடித்தது. அவரோடு மாண்டவர்களுள் பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்களும் இருந்தனர். கட்டளைப்படி நின்ற சீருடைக்காரர்கள் அங்கேயும் விலைகொடுத்தனர். தலைவரை எதிர்க்க நமக்குள்ள கருவிகள் சொல், எழுத்து, வாக்கு, நீதிமன்றம் ஆகியவையே. இவற்றுக்கு அப்பால் செல்பவர் எம்மக்கள் பெயரைச் சொல்லிச் சென்றாலும் எம்மவரல்லர். முறிந்த பனை என்னும் நூலில் இந்தியப் படையின் கொடுமைகளையும் இயக்கங்களின் கொடுமைகளையும் ஒருசேரப் பதிவுசெய்தவர்களுள் ஒருவரான மருத்துவப் பேராசிரியர் இராஜினி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்துத் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏவுவோர் எந்தக் கொடியின் கீழிருந்தாலும், கேள்வி கேட்பவரை அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

அமைதிப்படையில் மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்துக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இலங்கை அரசு நினைவுச்சின்னம் எழுப்பியது 2008-இல். அவர்களை வெளியேறச் சொன்ன நாடு அது. அனுப்பிய நாட்டின் தலைநகரில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டு அவர்களது பெயர்களும் சுவரேறியது 2019 பிப்ரவரியில். தில்லிக்கு அவர்கள் ஒரு தோற்ற கொள்கையின் நினைவு. சென்னைக்கு ஒரு குற்றவுணர்வு. ஆகவே இரு இடங்களிலும் பேச்சில்லை. தேர்தல் மேடையில் வென்ற போர்களின் வீரரே பேசப்படுவர் என்பதை அந்த விதவைகள் நமக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலியின் பொது மன்றாட்டில் நாட்டுத் தலைவர்களுக்காகவும் எல்லைக் காவலர்களுக்காகவும் செபிக்கின்றோம். இரண்டையும் ஒரே மூச்சில் இணைத்துச் சொல்லும் வழக்கத்தை விட்டு, வேறுவேறு மன்றாட்டாகச் சொல்லத் தொடங்கலாம். தலைவர்களுக்காக வேண்டும்போது, படையை ஏவுமுன் அவர்கள் உண்மையை மக்களிடம் சொல்லும் நேர்மையைக் கேட்கலாம். நவம்பர் மாதத்தில் இறந்தோரை நினைக்கும்போது யாழ்ப்பாண மருத்துவமனையில் மாண்ட நோயாளிகளையும் தாதியரையும் பரமேஸ்வரனையும் ஒரே பலிபீடத்தின் முன் நினைக்கலாம். அங்கே அவர்கள் எதிரெதிர் அணியினர் அல்லர். நம் ஊர்ப்புறங்களில் 1987-க்கும் 1990-க்கும் இடையில் ஈழத்தில் பணிபுரிந்துவிட்டு வந்து, இன்றுவரை அதைப் பற்றி வாய்திறக்காத பட்டாளத்துப் பெரியவர்கள் உள்ளனர். சிலர் அங்கே கண்டதைச் சொல்ல அஞ்சுகின்றனர். சிலர் செய்ததைச் சொல்ல அஞ்சுகின்றனர். பங்குப் பேரவைகளும் இளைஞர் இயக்கங்களும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் சென்றமர்ந்து, மாலையும் பொன்னாடையும் இன்றி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்கட்டும். அவர்களுள் பலர் அறுபதை எட்டிவிட்டனர்.